வயலுக்கும் மண்ணுக்கும் கார்பன் கிரெடிட்: விதிகள் மீதான கருத்துக் கேட்பு பற்றி பொருநைப் பாசன விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

எங்களுக்குச் சேரன்மகாதேவி பக்கம், பொருநை என்கிற தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல். கொஞ்ச நாளாக உரக்கடை, கல்யாண வீடு, ஊர்க் கூட்டம் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர், "கார்பன் கிரெடிட்னு சொல்றாங்களே, அது என்ன அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். அந்தக் கிரெடிட்டுக்கான விதிகளை எழுதுகிறவர்கள் முதலில் ஒரு வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். நம் ஆட்களில் பலருக்கு இந்தச் சங்கதியே தெரியாது. கையெழுத்துக் கேட்டு வீட்டுக்கு ஆள் வருகிறபோது விதி முடிவாகியிருக்கும். அப்போது பேசி ஒன்றும் மாறாது. பேச வேண்டிய நேரத்தில் பேச உதவட்டும் என்றுதான் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கார்பன் கிரெடிட் என்றால் என்ன?

ஒரு டன் கரியமில வாயு காற்றில் சேராமல் தடுத்தால், அல்லது சேர்ந்ததில் ஒரு டன்னை இழுத்து மண்ணிலோ மரத்திலோ வைத்தால், அதற்கு ஒரு கிரெடிட். மீத்தேன் போன்ற மற்ற வாயுக்களைக் கரியமில வாயுவின் கணக்குக்கு மாற்றி எண்ணுவார்கள். ஒரு கிலோ மீத்தேன், நூறு ஆண்டுக் கணக்கில், ஏறத்தாழ 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். புகை விடுகிற நிறுவனங்கள் தங்கள் கணக்கை ஈடுகட்ட இந்தக் கிரெடிட்டைக் காசு கொடுத்து வாங்குகின்றன.

நம் பக்கத்துக்கு இது முழுக்கப் புதிது என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக் காற்றாலைகள் பல, கியோட்டோ உடன்படிக்கையின் தூய்மை வளர்ச்சி ஏற்பாட்டின் கீழ் முன்பே கிரெடிட் பெற்றவைதான். அப்போது மின்சாரத்துக்குக் கொடுத்தார்கள். இப்போது வயல், மண், மரம் என்று வந்திருக்கிறார்கள்.

கருத்துக் கேட்பை யார் நடத்துகிறார்கள்? நமக்கு எப்படித் தெரியவரும்?

மூன்று இடத்தில் நடக்கிறது. மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் எங்கே என்ன பேசலாம் என்பது விளங்கும்.

முதலாவது, அரசு கொண்டுவரும் விதி. 2022இல் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, கார்பன் வணிகத்துக்கு வழி வைத்தார்கள். 2023 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சகம் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. அந்த டிசம்பரில் செய்த திருத்தத்தால், புகையைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தின் கீழ் வராதவர்களும் தாமாக முன்வந்து கிரெடிட் ஈட்டலாம் என்று ஆனது. வேளாண்மையும் காடு வளர்ப்பும் அதில் அடக்கம். 2024 ஜனவரியில் வேளாண் அமைச்சகம், விவசாயத்தில் தன்னார்வக் கார்பன் சந்தை எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு கட்டமைப்பை வெளியிட்டது. ஒவ்வொரு தொழிலுக்கும் கணக்குப் போடுகிற முறையைத் தனித்தனியாக எழுதி ஒப்புதல் கொடுக்கிறார்கள். 2025 மார்ச்சில் வந்த முதல் தொகுதியில் அலையாத்திக் காடு வளர்ப்பும் இருந்தது. சட்ட வரைவு, விதி வரைவு எதுவானாலும் 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது மத்திய அரசு 2014இல் எடுத்த கொள்கை முடிவு.

இரண்டாவது, வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு போன்ற, கிரெடிட்டைப் பதிவு செய்து தருகிற தனியார் பதிவகங்களின் விதி. உலகச் சந்தையில் விற்கிற கிரெடிட்டுகளில் பெரும்பகுதி இவற்றின் வழியாகத்தான் வருகிறது. ஒரு முறையியலை, அதாவது கிரெடிட்டுக்குக் கணக்குப் போடுகிற முறையை, எழுதினாலும் மாற்றினாலும், வரைவை இணையத்தில் போட்டு, பொதுவாக 30 நாள் கருத்துக் கேட்பார்கள். தனித்தனித் திட்டங்களையும் அதேபோல் 30 நாள் திறந்து வைப்பது வெர்ராவின் வழக்கம்.

மூன்றாவது, நம் ஊரிலேயே நடக்கிற கூட்டம். ஒரு நிறுவனம் திட்டம் போடுவதற்கு முன்னால் அந்த ஊர் மக்களைக் கலந்து பேசியிருக்க வேண்டும் என்று பதிவகங்கள் விதி வைத்திருக்கின்றன. சாமியானா பந்தல் போட்டு, பூந்தியும் காராச்சேவும் கொடுத்து, ஒரு நோட்டில் பேரும் போன் நம்பரும் வாங்கிக்கொண்டு போகிறார்களே, பெரும்பாலும் அதுதான் இது. அந்த நோட்டுக்குப் பின்னால் போகிறேன்.

நெல் வயலில் வாயு எங்கிருந்து வருகிறது?

தண்ணீர் கட்டிக் கிடக்கிற வயலில் தொளியில் கால் வைத்தால் குபுகுபுவென்று குமிழ் வருமே, பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மூடிக்கொண்டதால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வாழ்கிற நுண்ணுயிர்கள் வேரையும் தாளடியையும் தழையையும் மக்க வைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. குமிழாக வருவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நெல்லின் தண்டு வழியாகவே, குழாயில் புகை ஏறுவதுபோல் மேலே போய்விடுகிறது.

வயலை இடையிடையே காயவிட்டால் மண்ணுக்குள் காற்று போகும், மீத்தேன் குறையும். நம் வேளாண் அலுவலர்கள் வெகு காலமாகச் சொல்லிவரும் காய்ச்சலும் பாய்ச்சலும்தான் இது. மண்ணியல்காரர்கள் சொல்லும் இன்னொரு விஷயமும் உண்டு: வயல் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு கொஞ்சம் கூடும். யூரியாவை அள்ளிப் போட்டிருந்தால் இன்னும் கூடும். நேர்மையான கணக்கென்றால் அதையும் கழிக்க வேண்டும்.

காயவிடுகிற வயலில் பதிக்கிற அந்தப் பச்சைக் குழாய் எதற்கு?

எங்கள் வயலில் போன கார்ப் பருவத்தில் ஒன்று பதித்துப் பார்த்தோம். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்லிக்கொடுத்த முறை. ஒரு அடி நீளப் பிளாஸ்டிக் குழாய். அதன் கீழ்ப்பாதி முழுக்கத் துளை போட்டிருக்கும். பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே விழுந்த சேற்றை வழித்து எடுத்துவிட வேண்டும். வெளியே தண்ணீர் வற்றிய பிறகும் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்கு அடியில் எவ்வளவு ஆழத்தில் ஈரம் நிற்கிறது என்று தெரியும். 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பொறுத்திருந்து, அப்புறம் மடையைத் திறந்து 5 சென்டிமீட்டர் கட்டினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கிற சமயத்திலும் காயவிடக்கூடாது.

முதல் தடவை தரை வெடிப்பு விட்டதைப் பார்த்துவிட்டு, எங்கள் சித்தப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மடைக்குக் கிளம்பிவிட்டார். குழாய்க்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்து, ஒரு சாணுக்கும் குறைவான ஆழத்தில் தண்ணீர் நிற்பதைக் காட்டிய பிறகுதான் நின்றார். "அப்போ இத்தனை வருஷமும் பயந்துக்கிட்டுத்தான் தண்ணி கட்டியிருக்கோம்" என்றார். விளைச்சலில் எங்களுக்குக் குறையேதும் தெரியவில்லை. களை கூடியது, அதை மறைக்க மாட்டேன். தண்ணீர் நிற்காத இடத்தில் களை எழும்பத்தான் செய்யும். பறிப்புக் கூலி கூடுதலாக ஆனது. திட்டக்காரர்களின் வரவு செலவுக் கணக்கில் இந்தக் கூலிக்கு ஒரு வரி வேண்டும் என்பது நான் எழுத நினைத்திருக்கும் கருத்துகளில் ஒன்று.

ஒரு ஏக்கருக்கு எத்தனை கிரெடிட் கிடைக்கும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கணக்கை நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2019இல் திருத்திய வழிகாட்டியில், எப்போதும் தண்ணீர் நிற்கிற தெற்காசிய நெல் வயலுக்கு, எக்டேருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ மீத்தேன் என்று பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அம்பை 16 போன்ற குறுகிய கால நெல்லுக்கு, வயலில் நிற்கும் காலத்தை 100 நாள் என்று வைத்துக்கொள்வோம். எக்டேருக்கு 85 கிலோ, ஏக்கருக்கு 34 கிலோ. அதை 28ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 950 கிலோ. பலமுறை காயவிட்டால் இதில் 45 சதவீதம் குறையும் என்பது அதே வழிகாட்டியின் கணக்கு. ஆக, ஏக்கருக்கு ஒரு பூவுக்கு, அதாவது ஒரு போகத்துக்கு, மிச்சம் சுமார் 430 கிலோ. அரைக் கிரெடிட்டுக்கும் கீழே.

இதிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடுக்குக் கழிவு, அளவில் உள்ள ஐயத்துக்குக் கழிவு, சரிபார்க்கிறவர் கட்டணம், நிறுவனத்தின் பங்கு எல்லாம் போக மீதிதான் விவசாயிக்கு. உரமும் தொழு எருவும் எவ்வளவு போடுகிறோம், மண் என்ன மண் என்பதைப் பொறுத்து இந்த எண் கூடும், குறையும். இருந்தாலும் யாராவது வந்து, "ஏக்கருக்கு மூணு, நாலு கிரெடிட் வாங்கித் தர்றோம்" என்று சொன்னால், எந்தக் கணக்கில் என்று எழுதிக் கேளுங்கள். காசை நம்பி இறங்குகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் வரும். தண்ணீரை மிச்சம் பிடிக்கவும் மண்ணைத் தேற்றவும் இறங்கி, கூடவே கொஞ்சம் காசு வந்தால் சரி என்று நினைக்கிறவர்களுக்கு இது பொருந்தும்.

கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் ஒரே விதி பொருந்துமா?

பொருந்தாது. வரைவை எழுதுகிறவர்களுக்கு நம்மைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாத விஷயம் இது.

பிசானம் நிற்பது வடகிழக்குப் பருவமழையில். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும்போது மடையைச் சாத்தினாலும் வயல் காயாது. மேல் வயல் தண்ணீர் வாமடை வழியாகக் கீழ் வயலில் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் மூன்று தடவை காயவிட வேண்டும் என்று விதி சொன்னால், யாரோ ஒருவர் காயாத வயலைக் காய்ந்ததாக எழுதுவார். விதியே பொய்க் கணக்குக்கு வாசல் திறந்ததாகிவிடும்.

காரில் கதை வேறு. ஜூனில் பாபநாசம் அணை நிறைந்து திறந்தால் சரி. தென்மேற்குப் பருவம் ஏமாற்றினால் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். பத்து நாள் முறையில் கடைமடை வயல் தானாகவே வெடித்துக் கிடக்கும். அது வறட்சியால் நேர்ந்த காய்ச்சல், திட்டத்தால் வந்ததில்லை. அதற்குக் கிரெடிட் கொடுத்தால் காற்றுக்கு ஒரு பயனும் இல்லை. எனவே திட்டம் வருமுன் எவ்வளவு வாயு வந்தது என்ற அடிப்படைக் கணக்குப் போடும்போது, தண்ணீர் எப்போதும் நின்றதாக எல்லா வயலுக்கும் ஒரே எண்ணைப் போடக்கூடாது. கால்வாய் தலைமடை, நடு, கடைமடை என்று பிரித்து, அணை திறப்புக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொதுப்பணித்துறைக் காலத்திலிருந்து அந்தப் பதிவுகள் இருக்கத்தானே செய்கின்றன.

இன்னொன்றும் உண்டு. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. மேலே மிச்சமான தண்ணீர் கீழே இருக்கிற குளத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் மிச்சம். மேலேயே இன்னும் நாலு ஏக்கர் வாழைக்குப் பாய்ந்தால், ஊருக்கு என்ன மிச்சம்? தண்ணீர் எங்கே போனது என்பதும் கண்காணிப்பில் வர வேண்டும்.

நான் பல வருஷமாகவே இப்படித்தான் செய்கிறேன். எனக்குக் கிரெடிட் உண்டா?

இப்போது இருக்கிற விதிகளின்படி பெரும்பாலும் இல்லை. என் மனதை ரொம்ப வருத்துகிற இடம் இதுதான்.

கிரெடிட் என்பது கூடுதலாகச் செய்ததற்கு மட்டும். திட்டம் வராவிட்டாலும் நீங்கள் செய்திருப்பீர்கள் என்றால் கணக்கில் வராது. இதைக் கூடுதல் தன்மை என்கிறார்கள். அதில் உள்ள நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. கிரெடிட்டை வாங்குகிறவர் அதைக் காட்டி ஒரு டன் புகை விடப்போகிறார். இங்கே உண்மையில் ஒரு டன் குறையவில்லை என்றால் மொத்தத்தில் புகை கூடிவிடும்.

ஆனால் நம் ஊர் வரலாற்றைப் பாருங்கள். திருந்திய நெல் சாகுபடியைத் தமிழ்நாட்டில் சோதித்தபோது, 2003-04இல் தாமிரபரணிப் பாசனத்திலும் நூறு விவசாயிகளின் வயல்களில் வேளாண் பல்கலைக்கழகம் செய்து பார்த்தது. எக்டேருக்கு ஏழு டன்னுக்கு மேல் சராசரி கிடைத்தது, பக்கத்தில் வழக்கமான முறையில் ஐந்தரை டன் சுமாருக்கு நின்றது. ஒற்றை நாற்று, கோனோ வீடர் என்ற களைக் கருவி, தண்ணீர் மறைய மறையக் கட்டுதல் எல்லாம் அப்போதே பழகியவர்கள் உண்டு. அதற்கும் முன்னால் கொழிஞ்சி விதைத்து மடக்கி உழுதவர்கள், கோடையில் கிடை போட்டவர்கள். ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டை ஓட்டி வந்து, வலை கட்டி, ராத்திரி முழுக்க வயலில் அமர்த்தி, விடிந்ததும் அடுத்த வயலுக்கு நகர்த்துவார்கள். எங்கள் ஆச்சி அதற்கு நெல்லாக அளந்து கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இப்படி மண்ணைப் பேணியவருக்கு ஒன்றும் இல்லை. தாளடியை எரித்து, வெள்ளமாகத் தண்ணீர் கட்டி, யூரியாவைக் கொட்டியவர் இந்த வருஷம் மாறினால் அவருக்குக் காசு. இதைப் பார்த்து முன்னவரும் கைவிட்டுவிட்டால்? இதற்கு மாற்று கேட்கலாம். வட்டாரத்தில் ஒரு முறையை எத்தனை பேர் பின்பற்றுகிறார்கள் என்ற அளவை வைத்துக் கூடுதல் தன்மையைத் தீர்மானிக்கும் வழி பல முறையியல்களில் இருக்கிறது. தனி ஆளுக்குப் பதிலாக ஊரையோ பாசனச் சங்கத்தையோ ஓர் அலகாக எடுத்தால், முன்னோடிகளும் உள்ளே வர இடம் கிடைக்கும். அல்லது கிரெடிட்டோடு முடிச்சுப் போடாமல், பேணுதலுக்கென்று ஒரு நிதியை வருமானத்திலிருந்து ஒதுக்கச் சொல்லலாம். எனக்கு இரண்டாவது வழிதான் சரியென்று படுகிறது. கணக்கும் கெடாது, பேணியவரும் விடுபட மாட்டார்.

நிலம் கோயிலுக்கு, பயிர் எனக்கு. கிரெடிட் யாருக்கு?

நம் பக்கத்தில் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு எந்த விதியும் நடக்காது. ஆற்றுப் பாசனத்தில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். வெளியூரில் இருக்கிற சொந்தக்காரரின் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்குப் பார்க்கிறவர்கள் அதைவிட அதிகம். தமிழ்நாட்டில் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955லிருந்து இருக்கிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இல் தனிச் சட்டமே வந்தது. இருந்தும் பதிவில் பேர் ஏறாதவர்கள்தான் ஊரில் நிறைய.

மண்வெட்டி பிடித்து மடை மாற்றுகிறவர் ஒருவர். பட்டாவில் பேர் உள்ளவர் வேறொருவர். வரைவில் நில உரிமை ஆவணம் என்று ஒரே வரி எழுதினால், பட்டாக்காரருக்குத்தான் காசு போகும். அதோடு விடாது. இவ்வளவு நாள் கண்டுகொள்ளாமல் இருந்தவர், "நானே பார்த்துக்கிடுதேன்" என்று குத்தகைக்காரரை எழுப்பிவிடவும் கூடும். எங்கள் தெருவிலேயே ஒரு மதினி, கணவர் இறந்த பிறகு 15 வருஷமாக ஒரே வயலைக் குத்தகைக்குப் பார்க்கிறார். திட்டம் பற்றிய பேச்சு வந்ததும் முதலில் அவர் கேட்டது, "இதைச் சொல்லி என்னைய வயலை விட்டு இறக்கிருவாங்களா?" என்றுதான்.

ஆகவே இதை எழுதிக் கேளுங்கள்: வேலையைச் செய்கிறவர் யாரோ அவருக்கே கிரெடிட்டின் பலன். சாகுபடிச் சான்று போன்ற எளிய ஆவணமே அதற்குப் போதும் என்று இருக்க வேண்டும். திட்டத்தைக் காரணம் காட்டிக் குத்தகையை முறிக்கக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே வர வேண்டும்.

மண்ணில் கார்பன் ஏறினால் நிறையக் கிடைக்கும் என்கிறார்களே?

காகிதத்தில் நிறையத்தான். ஒரு ஏக்கரில் மேல் 30 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 1,700 டன். அதில் கரிமச்சத்து 0.1 சதவீதம் கூடினால் 1.7 டன் கார்பன், கரியமில வாயுக் கணக்கில் ஆறு டன்னுக்கு மேல். நெல்லைவிடப் பல மடங்கு.

சிக்கல் அளப்பதில் இருக்கிறது. மண்வள அட்டையில் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று போடுவார்கள். மானூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரி நிலம் பலவற்றுக்கு அதுதான் எழுதி வரும். இந்த வெயிலில் போட்ட தழை சீக்கிரம் எரிந்து காற்றோடு போய்விடும். ஒரே வயலில் போன வருஷம் கிடை அமர்ந்த மூலையில் ஒரு மண்ணும் வரப்போரம் ஒரு மண்ணும் எடுத்துக் கொடுத்தால், 0.1 வித்தியாசம் சும்மாவே வரும். எங்கே, எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழத்தில் எடுக்க வேண்டும் என்பதை வரைவு தெளிவாகச் சொல்ல வேண்டும். செயற்கைக்கோளும் கணினி மாதிரியும் மட்டும் போதும் என்றால் ஏற்காதீர்கள். குளத்து வண்டலையும் கரம்பையையும் வெட்டி அடித்த வயலில் கார்பன் கூடுவது, வேறு இடத்து மண் வந்து விழுந்ததால். அதைத் திட்டத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் எழுத வேண்டும்.

வெள்ளம் வந்து மேல்மண்ணே போய்விட்டால்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஆற்றங்கரையோரம் பல வயல்களில் மேல்மண் வழித்துக்கொண்டு போய், இடுப்பளவு மணல் வந்து படிந்தது. அந்த வயலுக்கு முந்தின வருஷம் மண் கார்பன் கிரெடிட் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதற்காகத்தான் பதிவகங்கள் எல்லாத் திட்டங்களிலிருந்தும் கொஞ்சம் கிரெடிட்டைப் பிடித்துப் பொதுச் சேமிப்பில் போடுகின்றன. இழப்பு வந்தால் அதிலிருந்து ஈடு செய்வார்கள். அந்தச் சேமிப்பு இருக்கும்போது, பெருவெள்ளத்துக்கு விவசாயியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கிற வரி ஒப்பந்தத்தில் எதற்கு? அது இருக்கவே கூடாது.

மரம் நட்டால்? தேரிக்காடும் மேய்ச்சல் புறம்போக்கும் சும்மாதானே கிடக்கின்றன?

சும்மா கிடக்கிற நிலம் என்று ஒன்று கிடையாது. ஆடு மாடு மேய்கிறது, பனையேறுகிறவர் பதநீர் இறக்குகிறார், குடைபோல் விரிந்த உடைமரத்தடியில் வெக்கைக்கு ஆடு ஒதுங்குகிறது. இயற்கையான காட்டையோ புல்வெளியையோ அழித்து மரம் நட்டவர் கிரெடிட் வாங்க முடியாதபடி, பத்து ஆண்டுக்குள் அழித்த நிலம் சேராது என்ற விதி வெர்ராவில் இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தைத் தரிசு என்று எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பு நழுவிவிடும். மேய்ச்சல்காரரையும் கலந்து பேச வேண்டியவர்கள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வரப்பில் பனை வைப்பதை நான் மனதார ஆதரிக்கிறேன். மெதுவாக வளரும், கிரெடிட் கணக்கில் வேகமாக ஏறாது. வேகமாக ஏறுகிற யூகலிப்டசையும் சவுக்கையும் மட்டும் தூக்கிவிடாத விதி வேண்டும். பாபநாசத்துக்கு மேலே காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் வன உரிமைச் சட்டம் 2006இன் கீழ் வருகிற இடம். அங்கே கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் எதையும் தொடக்கூடாது.

கூட்டத்தில் நோட்டில் கையெழுத்துப் போட்டோம். அது சம்மதமா?

வருகைப் பதிவுக்கென்று சொல்லி வாங்கிய கையெழுத்து வருகைப் பதிவுதான். ஆனால் அந்தத் தாளின் தலைப்பில் என்ன அச்சடித்திருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லையே. எங்கள் ஊர்க் கூட்டம் ஒன்றில் கொடுத்த தாள் முழுக்க ஆங்கிலம். படித்த பையன் ஒருவன் உரக்க வாசித்து அர்த்தம் சொன்ன பிறகுதான், நிலத்தின் விவரங்களையும் படங்களையும் பயன்படுத்த அனுமதி என்று ஒரு வரி இருப்பது தெரிந்தது. நாங்கள் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். வந்தவர்கள் முகம் சுளிக்கவில்லை, ஏற்றுக்கொண்டார்கள். கேட்டால் கிடைக்கும்.

கூட்டத்தை எப்போது வைக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். காலை பத்து மணிக்கு வைத்தால் நடுகைக்கும் களைக்கும் போன பெண்கள் யாரும் வர முடியாது. வயலில் பாதிக்கு மேல் வேலை அவர்கள் கையில். சாயங்காலம் வைக்கச் சொல்லுங்கள். கேள்விகளையும் சொன்ன பதில்களையும் தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

எத்தனை வருஷம் கட்டுப்படுகிறோம், நடுவில் விலக என்ன வழி, விற்ற விலையில் நமக்கு எத்தனை பங்கு, எந்தத் தேதிக்குள் வங்கியில் ஏறும், தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம். மண், மரம் சார்ந்த திட்டங்கள் பல பத்தாண்டுகளுக்கு நீளக்கூடியவை. பிள்ளைகள் தலையிலும் அது ஏறும் என்பதால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

நான் ஒருத்தன் எழுதி என்ன ஆகப்போகிறது?

விதிகள் கல்லில் வெட்டியவை இல்லை. நெல் வயல் மீத்தேனுக்கு வெகு காலம் பயன்பட்ட ஒரு பழைய முறையியலை வெர்ரா 2023இல் நிறுத்தியது. 2024 ஆகஸ்டில், அதன்படி பதிவான சீனாவின் 37 நெல் திட்டங்களை விதிப்படி இல்லை என்று நிராகரித்தது. 2025 பிப்ரவரியில் நெல்லுக்கென்று புதிய முறையியலை வெளியிட்டது. இரண்டு வருஷத்துக்குள் இவ்வளவு மாற்றம். மாற்றம் நடக்கிற நேரத்தில் நம் வயலின் சேதி அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.

வரும் கருத்துகளைத் தொகுத்து, எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று பதிவகங்கள் பதில் எழுதுவது உண்டு. பொதுவாகப் புலம்பினால் அதற்குப் பதில் வராது. இந்தப் பிரிவில், இந்த வரி, எங்கள் வயலில் இந்தக் காரணத்தால் நடக்காது, இப்படி மாற்றுங்கள் என்று எழுதினால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

எப்படி எழுதுவது? தமிழில் எழுதலாமா?

அரசு வரைவுக்குத் தமிழில் தாராளமாக எழுதுங்கள். தனியார் பதிவகங்களுக்கு ஆங்கிலத்தில் போனால் வேகம். தமிழில் எழுதி, கல்லூரியில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து மாற்றி, இரண்டையும் சேர்த்து அனுப்பலாம். எங்கள் பாசனச் சங்கத்துக்காக நான் எழுதி வைத்திருப்பதைக் கீழே தருகிறேன். ஊர் விவரத்தை மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

"நாங்கள் தாமிரபரணி, கன்னடியன் கால்வாய்ப் பாசன விவசாயிகள். கார், பிசானம் இரு பருவமும் நெல் வைக்கிறோம். வரைவின் அடிப்படைக் கணக்குப் பிரிவில் எல்லா வயலிலும் எப்போதும் தண்ணீர் நிற்பதாகக் கொள்ளப்பட்டிருக்கிறது. காரில் முறைப் பாசனம் நடக்கும் ஆண்டுகளில் எங்கள் கடைமடை வயல்கள் தண்ணீரின்றிக் காய்கின்றன. பிசானத்தில் தொடர் மழையால் காயவிட முடிவதில்லை. எனவே பருவம் வாரியாகவும் மடை வாரியாகவும் அணை திறப்புப் பதிவுகளைக் கொண்டு அடிப்படையைக் கணக்கிட வேண்டும். பிசானத்தில் காயவிடும் எண்ணிக்கையைக் கட்டாயமாக்கக் கூடாது. எங்களில் பாதிப் பேர் குத்தகைதாரர்கள். பலன் சாகுபடி செய்பவருக்கே சேரும் என்று உரிமைப் பிரிவில் எழுத வேண்டும். களையெடுப்புக்கு ஆகும் கூடுதல் கூலியைத் திட்டச் செலவில் சேர்க்க வேண்டும்."

இதற்கு மேல் நீளம் வேண்டாம். ஒரு பக்கத்துக்குள் நின்றால் வாசிப்பார்கள். பாசனச் சங்கத் தலைவர் கையெழுத்தோடு, குறைந்தது பத்து விவசாயிகளின் பேரும் சர்வே எண்ணும் இணைத்தால் எடை கூடும். சர்வே எண்ணைக் கொடுக்க விருப்பமில்லாதவர் கால்வாய்ப் பேரும் மடைப் பேரும் மட்டும் எழுதட்டும்.

கெடு தேதி முடிந்த பிறகுதான் தெரிந்தது. இனி வழியே இல்லையா?

இருக்கிறது. மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம் நடக்கிறது. அதில் மனுவாகக் கொடுத்தால் வேளாண் துறைக்குப் போகும், பதிலும் எழுத்தில் வரும். மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26 என்று வருஷத்தில் ஆறு கிராம சபை. அங்கே தீர்மானமாக ஏற்றிவிட்டால், நாளைக்கு எந்த நிறுவனம் ஊருக்குள் வந்தாலும் முதலில் அந்தத் தீர்மானத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் ஊரில் வரும் நவம்பர் 1ஆம் தேதிக் கூட்டத்தில் வைக்க எழுதிவிட்டோம். மதினியும் பேச வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.